வலைக்கு விலகாத மீன்கள்

தொட்டிக்குள் வலையை இறக்குவதற்கு முன் அக்கா மூச்சை நிறுத்திக்கொள்கிறார். இடது கை வலை முதலில் இறங்கி, மூலையோடு ஒட்டி அசையாமல் நிற்கும். வலது கை வலை எதிர்ப்பக்கத்திலிருந்து, அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பவரின் பொறுமையோடு நகர்ந்து வரும். மீன் வலது வலைக்கு விலகி விலகிப் போய், தானாகவே இடது வலைக்குள் உட்கார்ந்துவிடும். கேட்ட மீன் ஒன்றுதான் வரும். பக்கத்து மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அதைத் தூக்கி ஜாடிக்குள் விட்ட பிறகுதான் அக்கா மூச்சு விடுவார்.

"தண்ணியை வேகமா கலக்கினா, அதுங்களுக்கு நாம காதுகிட்ட வந்து கத்துற மாதிரி. காலங்காத்தால யாராச்சும் உங்க காதுல கத்தினா சும்மா இருப்பீங்களா?" என்று பழக்கமான முதல் நாளிலேயே என்னைக் கேட்டார். இருக்கமாட்டேன் என்றேன். "பின்ன?" என்றுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

நான் நுண்ணோக்கி பழுதுபார்ப்பவன். கல்லூரி, மருத்துவமனை, ஆராய்ச்சிக்கூடம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது என் பிழைப்பு. இந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவேன். மேல்மாடிகளில் என்னைக் கண்டதும் "ஐயோ, இன்னைக்கா?" என்பார்கள். கீழ்த்தளத்தில் மீன் அறையில் மட்டும்தான் "வாங்க லென்ஸ் சார், டீ குடிச்சாச்சா?" என்று ஒரு குரல் வரும். அக்கா என்னைவிட ஏழு வயது இளையவர். கட்டடமே அவரை அக்கா என்று கூப்பிடுகிறது. நரைத்த மீசையை வைத்துக்கொண்டு நானும் அப்படியே கூப்பிடுகிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மீன் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆறு வரிசை அடுக்குகள், வரிசைக்கு இருபது தொட்டி, தொட்டிக்குப் பத்து மீன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக் கோடுகள் ஓடும் வரிக்குதிரை மீன்கள். உள்ளே நுழைந்ததும் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் என் மூக்குக்கண்ணாடி மங்கிப்போய், ஒரு நிமிஷம் நான் குருடன். பம்புகள் எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்றின் சத்தம் மாறினாலும் அக்கா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தலையைச் சாய்ப்பார். அவருடைய மேலங்கிப் பையில் ஒரு பென்சில், ஒட்டுத்தாள் சுருள், பழைய பல் பிரஷ் மூன்று. ஒவ்வொரு பிரஷுக்கும் தனி வேலை. அவசரத்துக்கு ஒன்றை எடுத்து நான் தூசி தட்டப் போனபோது, "அது பாசிக்கு! அது பாசிக்கு!" என்று பதறிப் பிடுங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு தொட்டியிலும் மீன் பிறந்த தேதியும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே பென்சிலில் அக்காவின் சொந்தக் குறிப்புகள்: "ரெண்டு பேர் சண்டை", "சோத்துக்கு முந்தும்", "இது சோம்பேறி". படித்தவர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு சோம்பேறித் தொட்டியில் நோய் இருந்தது தெரிந்து, அந்த ஒரு குறிப்பால் மற்றத் தொட்டிகள் பிழைத்தன. அதற்கப்புறம் அந்தச் சீட்டுகளை யாரும் கிழிப்பதில்லை.

கண்ணாடியைத் தட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு முறை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், குனிந்து தொட்டியை டொக் டொக் என்று தட்டி மீன்களைக் கொஞ்சினார். அக்கா பக்கத்தில் போய் நின்றார். விரலை மடக்கி, அவருடைய மூக்குக்கண்ணாடியில் அதே மாதிரி டொக் டொக். "இப்படித்தான் சார் இருக்கும்" என்றார், மரியாதையில் ஒரு குறையும் இல்லாமல். அதிகாரி நல்ல மனிதர், சிரித்துவிட்டார். கூட வந்த, மீன் அறைக்குப் பொறுப்பான பேராசிரியருக்குத்தான் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "அவரு மேலயும் கீழயும் போயிட்டு வருவாரு, நான் கீழயே கெடப்பேன்" என்பார். கல்லூரியில் படிக்கும் மகள், அம்மாவின் துண்டைத் தன் துண்டோடு சேர்த்துக் காயப்போட விடமாட்டாளாம், மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று. மாமியாருக்குக் காது மந்தம், கருவி மாட்டியிருக்கிறார். "எங்க அத்தை கெட்டிக்காரங்க. நான் புலம்ப ஆரம்பிச்சா அதைக் கழட்டி டப்பாக்குள்ள வச்சுடுவாங்க. டப்பா மூடுற சத்தம் கேட்டா நானும் நிறுத்திடுவேன்." அக்காவுக்குத் தாங்கமுடியாத ஒரே விஷயம் சொட்டுகிற குழாய். சமையலறைக் குழாய் சொட்டினால் முதலில் துணியைக் கட்டுவார், பிறகு ரப்பரைக் கட்டுவார், பிறகு கணவரைக் கட்டி இழுத்து வருவார்.

ஏழு வருஷத்துக்கு முன் அவர் இதே கட்டடத்தில் ஐந்து மாடி நடைபாதைகளையும் பெருக்கிக்கொண்டிருந்தார். அப்போது மீன் அறையைக் கவனித்தவர், தரை கழுவும் மருந்து ஊற்றிய வாளியிலேயே தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துவிட்டார். ஒரு வரிசை மீன் மிதந்தது. அன்று மாலையே ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் அவசரத்துக்கு நிறுத்திவைத்த அக்காதான் அப்படியே நிலைத்துவிட்டார். நிலைத்துவிட்டார் என்று சொல்வதும் சரியில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பேராசிரியர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு வேலை உண்டு.

"மறுபடி தொடப்பத்தைப் புடின்னா புடிப்பேன். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா அந்த வேலையில யாரும் என்னைக் கூப்பிட்டு, 'அக்கா, இது ஏன் இப்படி இருக்கு?'ன்னு கேட்டது கெடையாது சார். இங்க கேக்கறாங்க." இதைச் சொன்ன அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பல் பிரஷால் ஒரு தொட்டி மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்காகவே இவர் இந்த அறைக்கு வருகிறார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

போன முறை வழக்கமான பராமரிப்புக்குப் போயிருந்தபோது, என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மூன்றாம் வரிசைக்குக் கூட்டிப்போனார். அந்த வரிசை ஓர் ஆய்வு மாணவியுடையது. இரண்டு வருஷமாகத் தலைமுறை தலைமுறையாக அவளே பெருக்கிய மீன்கள். வேறு மீனின் நோய் ஒட்டிவிடக் கூடாது என்று அதற்கு மட்டும் தனிப் பம்பு, தனிக் குழாய். அக்கா அந்தப் பெண்ணை டாக்டரம்மா என்பார். "இன்னும் பட்டம் வாங்கலக்கா" என்று அவள் ஒவ்வொரு முறையும் சிணுங்குவாள். "வாங்கத்தான போற, நான் முன்கூட்டியே கூப்பிடறேன்" என்பது பதில்.

"இங்க பாருங்க சார்" என்று அக்கா ஒற்றை வலையை மீன்களுக்குப் பின்புறமாக இறக்கினார். வலை அவற்றின் வால் வரைக்கும் போனது. ஒன்றும் விலகவில்லை. வலை விளிம்பு உடம்பில் பட்ட பிறகுதான் ஒரு மீன் திடுக்கிட்டுத் துள்ளியது.

"பாத்தீங்களா? பத்து நாளாத்தான் இப்படி. முன்னெல்லாம் வலை தண்ணியைத் தொட்டாலே சிதறி ஓடும். இப்ப ஓடறதில்ல. நான்தான்னு தெரிஞ்சுபோச்சு அதுங்களுக்கு."

"உங்களையா?"

"பின்ன உங்களையா? ஏழு வருஷமா சோறு போடறேன்."

"மத்த வரிசைக்கும் நீங்கதானே போடறீங்க?" என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டது.

"அதுங்களும் பழகும்" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அந்தக் கட்டடத்தில் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க அவர் எதிரில் வந்தவர்களை எல்லாம் இழுத்துப்போய் இதைக் காட்டினாராம். காவலாளி இரண்டு தடவை பார்த்தாராம்.

அதற்குப் பத்து நாள் கழித்து மாணவி எனக்கு போன் செய்தாள். "சார், உங்க நுண்ணோக்கில ஏதோ கோளாறு. ஒண்ணுமே தெரியல." நான் பராமரித்துப் பத்தே நாள் ஆன கருவி! மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். விளக்கை மாற்றிப் பார்த்தேன், லென்ஸைக் கழற்றித் துடைத்தேன், ஒரு மணி நேரம் குடைந்தேன். கருவியில் ஒரு குற்றமும் இல்லை. "வேற வரிசையிலேர்ந்து ஒரு மீன் கொண்டு வாங்க, பாத்துடலாம்" என்றேன்.

அக்கா முதல் வரிசையிலிருந்து ஒரு மீனை ஜாடியில் கொண்டுவந்தார். மாணவி அதைச் சாயத் தண்ணீரில் ஊறவிட்டு, மயக்கமருந்து கலந்த நீரில் கிடத்தி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள் மின்னின. எனக்குத் தலை நிமிர்ந்தது. "நுண்ணோக்கி நிரபராதி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து இன்னும் மூன்று மீன்களைப் பார்த்தோம். மூன்றும் இருட்டு.

"டாக்டரம்மா, அந்த மின்னுறது என்ன?" என்று அக்கா கேட்டார்.

"மயிர்ச்செல் அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "ஏம்மா, ஆம்பளை ஒருத்தர் இருக்கிற எடத்துல... முடின்னு சொல்லக் கூடாதா?"

"புத்தகத்துல அப்படித்தான்கா இருக்கு."

"எழுதினவருக்கென்ன, வீட்ல கேக்க ஆளில்ல போல."

அந்த நிலையிலும் மாணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாள்.

"மீன் தோல் மேல வரிசையா சின்னச் சின்னக் கொத்து இருக்குக்கா. ஒரு கொத்துல பத்துப் பதினஞ்சு செல். ஒவ்வொரு செல் தலையிலயும் கொஞ்சம் முடி, படிக்கட்டு மாதிரி குட்டையில ஆரம்பிச்சு நெட்டையில முடியும். கொத்து மொத்தத்துக்கும் மேல ஜெல்லி மாதிரி ஒரு தொப்பி. தண்ணி நகர்ந்தா தொப்பி சாயும், தொப்பி சாஞ்சா முடியும் சாயும்."

"சாஞ்சா?"

"நெட்டை முடி இருக்கிற பக்கமா சாஞ்சா, முடிக்கும் முடிக்கும் நடுவுல கட்டியிருக்கிற நூல் மாதிரி ஒண்ணு இழுபடும். உடனே ஒரு கதவு தொறக்கும். மின்னேற்றம் இருக்கிற துகள் எல்லாம் உள்ள பாயும். செல் அடியில காத்துக்கிட்டிருக்கிற நரம்புக்குச் சேதி போயிடும். எதிர்ப்பக்கம் சாஞ்சா கதவு மூடிக்கும், சேதி குறைஞ்சுடும். பாதி செல் தலைப்பக்கத்துலேர்ந்து வர்ற தண்ணிக்கு, பாதி செல் வால்பக்கத்துத் தண்ணிக்கு. அதனால கண்ணை மூடிக்கிட்டாலும் மீனுக்குத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்."

"மீன் எங்கம்மா கண்ணை மூடுது?"

"சரி, இருட்டுல."

அக்கா மேலங்கியின் கையை முழங்கைவரை சுருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். "ஊதும்மா." மாணவி அவர் கையின் மேல் மெல்ல ஊதினாள். "விரல் பக்கத்துலேர்ந்து." மறுபடி ஊதினாள். "இப்ப முழங்கைலேர்ந்து." கண்ணைத் திறந்தார். "ஆமா, முடிதான் சொல்லுது" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

"நம்ம காதுக்குள்ளயும் இதே மாதிரி செல்தான்கா. நமக்குப் போனா போனதுதான். மீனுக்குத் திரும்ப முளைக்கும்."

"அப்ப எங்க அத்தை மீனா பொறந்திருக்கணும்" என்றார் அக்கா. பிறகு இருட்டாகக் கிடந்த மீனைக் காட்டினார். "இதுக்கும் முளைச்சுடுமா?"

"இது வம்சத்துலயே கோளாறு போலக்கா. சில மருந்து பட்டா இந்தச் செல் சாகும், செம்பு பட்டா சாகும். அதெல்லாம் இங்க எதுவும் கெடையாது. அப்ப பிறவிக் கோளாறுதான், முளைக்க வழியில்ல. என் சாயம் அந்தக் கதவு வழியாத்தான் உள்ள போகும். செல் இருந்தாத்தானே கதவு! பாவம், இதுங்களுக்குத் தண்ணி அசையறதே தெரியாது. பின்னாடி ஒரு வலை வந்தாக்கூடத் தெரியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சுருட்டிய கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். பத்து நாளாக எல்லோருக்கும் காட்டிய அந்தப் பிரியம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

நாலு மணிக்குப் பேராசிரியர் வந்து அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவார், மாலைக்குள் மூன்றாம் வரிசையில் இருநூறு மீன்களையும் மருந்து கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று மாணவி சொன்னாள். இரண்டு வருஷ வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். முகம் கழுவ மட்டும் அவ்வளவு நேரம் ஆகாது.

நடைபாதையில் அக்கா என்னை நிறுத்தினார். "லென்ஸ் சார், பித்தளையில என்னென்ன இருக்கும்?"

"செம்பும் துத்தநாகமும். ஏன்?"

பதில் சொல்லாமல் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போகமுடியும். தண்ணீர் உள்ளே வரும் வெள்ளைக் குழாயில், பளபளவென்று ஒரு பித்தளை வால்வு. பழைய பிளாஸ்டிக் வால்வு சொட்டியிருக்கிறது. பண்டகசாலைக்கு மூன்று முறை சீட்டு எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. சொட்டும் சத்தத்தைத் தாங்கமுடியாமல், தெருமுனை இரும்புக்கடையில் இதை வாங்கி, தானே மாட்டியிருக்கிறார். இருபது நாளுக்கு முன்.

"உலோகம் கூடாதுன்னு செவுத்துல எழுதித்தான் இருக்கு சார். தொட்டிக்குள்ள போடக் கூடாதுன்னு நெனச்சேன். இது வெளியில இருக்கிற குழாய்தானே? இரும்புன்னா துரு வரும், பித்தளைக்கு என்ன வரும்னு..."

அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்கப்போவதில்லை. "கழட்டி என் பெட்டிக்குள்ள போடுங்க. நான் கொண்டுபோய் எங்கயாவது எறிஞ்சுடறேன். பிறவிக் கோளாறுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, அப்படியே போகட்டும். உங்க கடிதம் இந்த மாசம்தானே வரணும்? போன ஆளுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" நான் அவருடைய நன்மைக்குத்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லும்போது என் குரல் தானாகவே தாழ்ந்துகொண்டது.

"அப்ப இதுங்க?" என்றார் அக்கா.

நான் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தேன்.

"சாயங்காலம் கொன்னுடுவாங்களே சார். முளைக்கும்னு அந்தப் பொண்ணுதான சொல்லிச்சு. பிறவிக் கோளாறா இருந்தாத்தான் முளைக்காது." வால்வைத் துணியால் பிடித்துத் திருகத் தொடங்கினார். "இதுங்க என்மேல பிரியமா இருக்குன்னு வாட்ச்மேன் வரைக்கும் கூட்டியாந்து காட்டினேன். நான் போட்ட பித்தளையாலதான் இதுங்களுக்குக் கெட்டுப்போச்சுன்னு சொல்லமாட்டேனா?"

நாலு மணிக்குப் பேராசிரியர் பேனாவைத் திறந்தபோது, தாளுக்குப் பக்கத்தில் அக்கா அந்த வால்வை வைத்தார். "இதை நான்தான் சார் மாட்டினேன். மூணாவது வரிசையில. இருபது நாளாச்சு."

மாணவி அந்த மஞ்சள் உலோகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செம்பு" என்றாள். "நம்ம தண்ணி வடிகட்டின தண்ணிக்கா. அதுல ஒண்ணும் இருக்காது, அதனால எதைத் தொட்டாலும் கரைச்சு எடுத்துக்கும்." பிறகு அதை மேசைமேல் போட்டாள். "ரெண்டு வருஷம்கா! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கணும்" என்றார் அக்கா. வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொட்டிய குழாயைப் பற்றியோ மூன்று சீட்டுகளைப் பற்றியோ அவர் வாய் திறக்கவில்லை. வாய் பொறுக்காமல் நான்தான் அதைச் சொன்னேன். பேராசிரியர் என்னை, நுண்ணோக்கிக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல் பார்த்தார்.

"கொஞ்சமா செம்பு பட்டிருந்தா முளைக்கும். அதிகமா பட்டிருந்தா முளைக்கிற வேரே செத்திருக்கும்" என்றார் பேராசிரியர். பேனாவை மூடினார். "ஒரு வாரம் பாப்போம். அதுவரைக்கும் இந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடல, உங்க கடிதத்துலயும் போடல."

இருபது நாளுக்கு மேலாக வராத பிளாஸ்டிக் வால்வு, பேராசிரியர் ஒரு போன் போட்டதும் இருபது நிமிஷத்தில் வந்தது. அந்த வாரம் அக்கா மூன்றாம் வரிசையின் இருபது தொட்டிகளுக்கும் தினமும் இரண்டு வேளை கையாலேயே தண்ணீர் மாற்றினார், ஒரு சொம்பு ஊற்றுவதற்குக்கூட அவசரப்படாமல். மாணவி அவரோடு பேசவில்லை. வேலைக்கு வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனாளாம். நான் தினமும் சாயங்காலம் நுண்ணோக்கியின் நலம் விசாரிக்கிற சாக்கில் அவளுக்கு போன் செய்தேன். இரண்டாம் நாள் இருட்டு. மூன்றாம் நாளும் இருட்டு. நாலாம் நாள், "ஒரு மீன்ல, வால்கிட்ட ரெண்டு புள்ளி தெரியுது சார். தூசியாக்கூட இருக்கலாம்" என்றாள். ஐந்தாம் நாள் போனை எடுத்ததுமே, "தூசி இல்ல சார்! தூசி இல்ல! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்" என்று கத்தினாள்.

ஏழாம் நாள், யாரும் கேட்காத ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றேன். பேராசிரியர் ஏற்கெனவே மீன் அறையில் இருந்தார். ரப்பர் செருப்பு மாட்டத் தெரியாமல் ஒரு காலில் தள்ளாடிக்கொண்டிருந்தார். "சாயம் மின்னுறதெல்லாம் சரி. தொட்டியில மீன் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்" என்றார். "ஒரு வலை மட்டும் எடுங்க. பின்பக்கமா இறக்குங்க."

அக்கா மூன்றாம் வரிசையின் நடுத் தொட்டிக்கு எதிரில் போய் நின்றார். மாணவி என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். வலை தண்ணீரைத் தொட்டது, அரை அங்குலம்கூட இறங்கியிருக்காது. பத்து மீனும் ஒரே வீச்சில் எதிர்மூலைக்குப் பாய்ந்தன.

அக்கா வலையை வெளியே எடுத்தார். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி இறக்கினார். மறுபடி பாய்ந்தன. மூன்றாம் முறை அந்த மூலைக்கே போனார். மீன்கள் வலையைச் சுற்றிக்கொண்டு இந்த மூலைக்கு வந்துவிட்டன. ஏழு வருஷத்தில் முதல்முறையாக, அதுவும் பேராசிரியர் கண்முன்னே, அக்காவால் ஒரு மீனைப் பிடிக்க முடியவில்லை.

"புடிபடமாட்டேங்குது சார்" என்றார்.

"தெரியுது, தெரியுது" என்றார் பேராசிரியர். சட்டைப்பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து, தொட்டியின் மூடிமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இனிமே இந்த அறையில ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அடுத்த வருஷம் பூராவும் ஞாபகம் இருக்கட்டும்." நான் விட்ட பெருமூச்சில் மூக்குக்கண்ணாடி மறுபடி மங்கியது.

அக்கா அந்தக் கடிதத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. எதிர்மூலையில் நெருக்கியடித்து நின்ற மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்படுதுங்க டாக்டரம்மா" என்றார். கண்ணில் நீர் முட்டியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. "என்னைக் கண்டு எப்படிப் பயப்படுதுங்க பாரு." பிறகு, தண்ணீர் சொட்டும் வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தொட்டியைவிட்டு ஓசையில்லாமல் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.